முலாஞ்சே மலையடியில் ஒரு தன்னார்வலரின் அன்றாடம்

வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கரண்ட் இருக்குமா, தனியாக இருக்கப் பயமாக இருக்காதா, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், மலேரியா வராதா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான், கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடமிருந்து நாம் எதையெல்லாம் வாங்கிக்கொள்ளப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கொடுக்கத்தானே போகிறோம் என்ற நினைப்பு.

மலாவியின் தெற்கே, முலாஞ்சே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். தண்ணீர், சாப்பாடு, பேச்சு, பாதுகாப்பு, துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார ஒரு இடம் என்று முதல் நாளிலிருந்தே வாங்கிக்கொண்டிருப்பது நாம்தான். அதை மரியாதையாக வாங்கத் தெரிந்தவரைத்தான் ஊர் தன் ஆளாக வைத்துக்கொள்கிறது. வேலை அதற்கப்புறம்தான் நகரும்.

மலாவி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலைத் தொடாத சிறிய நாடு. 1964இல் விடுதலை பெறும்வரை நியாசாலாந்து என்று பெயர். அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு அனுப்பிய தன்னார்வலர்கள் 1963இலேயே அங்கே வந்துவிட்டார்கள். 1958இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பு பின்னாளில் கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. ஆக, வெளிநாட்டு ஆசிரியர் என்பது அங்கே புதுமை இல்லை. என் பள்ளியிலேயே மூத்த ஆசிரியர் ஒருவர் சின்ன வயதில் அப்படி ஒருவரிடம் அறிவியல் படித்தவர்.

ஆனால் கிராமத்துக்குள் வந்து குடியிருக்கும் இந்தியப் பெண் அவர்களுக்குப் புதிது. மலாவியில் இந்திய வம்சாவளியினர், பெரும்பாலும் குஜராத்திகள், பல தலைமுறைகளாகக் கடை நடத்துகிறார்கள். 1970களில் நாட்டின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சி ஆசிய வணிகர்களைக் கிராமப்புறங்களிலிருந்து கிளப்பி, சில நகரங்களுக்குள் மட்டும் குடியிருக்கவும் வியாபாரம் செய்யவும் விட்டது. அதனால் இந்தியர் என்றால் பிளாண்டயர் நகரை ஒட்டிய லிம்பே டவுனில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்பதுதான் இளைய தலைமுறை பார்த்தது. என்ன கடை போடப் போகிறீர்கள் என்று வயதானவர்கள் உண்மையாகவே கேட்டார்கள். முதலாளி, தொழிலாளி என்ற பழைய கசப்பும் அந்தக் கேள்விக்குள் கொஞ்சம் இருக்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கோபப்படாமல், எத்தனை பேர் கேட்டாலும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லலாம். நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் சந்தையில் தக்காளிக்கு வரிசையில் நிற்பதையும் பார்க்கப் பார்க்க அந்தக் கேள்வி தானாக நின்றுவிடும்.

ஊரில் கால் வைத்ததும் முதலில் பார்க்க வேண்டியவர் ஊர்த்தலைவர். தலைமையாசிரியரைப் பார்த்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அங்கே ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தலைவர், சில கிராமங்களுக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேலே பாரம்பரியத் தலைவர் என்று அடுக்கு உண்டு. அரசாங்கமே அவர்களை அங்கீகரித்திருக்கிறது. தலைமையாசிரியர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு சோப்புக் கட்டியும் கொண்டு போனோம். பெண்கள் முழங்காலிட்டுத்தான் தலைவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொன்னேன். இது பெண்ணைத் தாழ்த்துகிற வழக்கம் என்று வாதிடுவோர் உண்டு, அந்த வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் வந்த முதல் நாளில் அதை நடத்திக் காட்டும் இடம் அதுவல்ல. அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அந்த ஊரில் நான் தனியாகக் குடியிருக்க முடிந்தது: “இவர் நம்ம பிள்ளைகளுக்கு வந்தவர், ராத்திரியில் இவர் வீட்டுப் பக்கம் ஒரு கண் வையுங்கள்.” பூட்டை விட அதுதான் காவல்.

வணக்கத்துக்கு அங்கே நேரம் ஒதுக்க வேண்டும். காலையில் எதிரே வருகிறவரிடம், எப்படி எழுந்தீர்கள் என்று கேட்பார்கள். நன்றாக எழுந்தேன், நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும். மதியத்துக்கு மேல், பொழுது எப்படிப் போனது என்று மாறும். கடையில் உப்பு வாங்கினாலும் இந்தப் பேச்சு முடிந்துதான் உப்பு. பள்ளிக்கு ஐந்து நிமிட நடை என்றால் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்பிவிடுங்கள். அதேபோல யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. முற்றத்துக்கு வெளியே நின்று “ஒடீ!” என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வந்ததும்தான் போக வேண்டும். அங்கே பேசும் சிச்சேவா மொழியில் இந்த வணக்கங்களை மட்டும் ஊரில் இறங்குவதற்கு முன்பே வாயில் பழக்கிவிடுங்கள். மீதியைக் குழந்தைகள் கற்றுக்கொடுப்பார்கள்.

என் வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வீட்டை ஒட்டி ஓட்டுக்குப் பதில் தகரம் போட்ட இரண்டு அறை எனக்கு. தெற்கு மலாவியில் நிலமும் வீடும் தாய்வழியில் போகும். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியிருப்பார். பிள்ளைகள் விஷயத்தில் அப்பாவை விடத் தாய்மாமனுக்குப் பேச்சு அதிகம். இதெல்லாம் ஏதோ மானுடவியல் பாடம் என்று நினைக்க வேண்டாம், வேலைக்கு நேரடியாக உதவும். மூன்றாம் ஃபாரத்தில், அதாவது மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். நம் வழக்கப்படி நான் அப்பாவிடம் பேசலாம் என்று சொல்ல, வீட்டுக்கார அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார்: “அவர் இந்த ஊருக்கு வந்தவர். மாமனைப் பாருங்கள், நானும் வருகிறேன்.” மாமன் பக்கத்துக் கிராமத்தில் சைக்கிள் பழுது பார்ப்பவர். அந்த அம்மாதான் பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது கிடைக்காது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். முலாஞ்சே மலையின் உச்சியான சப்பித்வா 3,002 மீட்டர். அந்த மலை ஓடைகளிலிருந்து பம்பு இல்லாமல், சரிவின் வேகத்திலேயே அடிவாரக் கிராமங்களுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டங்கள் 1960களின் கடைசியில் தொடங்கின. அரசு குழாயும் தொழில்நுட்பமும் கொடுத்தது, மைல் கணக்கில் பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தது ஊர்மக்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் வளர்ச்சி வேலை என்று ஆரம்பிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கள் கையால் வேலை செய்து காட்டிய ஜனங்கள் அவர்கள். குழாய் வறண்ட பகுதிகளில் ஆஃப்ரிடெவ் என்ற வகைக் கைப்பம்பு இருக்கும், என் தெருவுக்கு அதுதான்.

விடியற்காலையில் பம்படியில் பெண்கள் வரிசை. பிளாஸ்டிக் வாளியை நிரப்பி, துணியைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, கை விட்டு நடப்பார்கள். எனக்காக ஒரு சிறுமியைச் சம்பளத்துக்கு அமர்த்தித் தண்ணீர் எடுக்கச் சொல்லலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். காலையில் அந்த நேரத்தில் அவள் பள்ளிக்குப் போக வேண்டியவள், அது முதல் காரணம். ஊரின் அத்தனை சேதியும் பம்படியில்தான் இருக்கிறது, அது இரண்டாவது. யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, சந்தையில் மக்காச்சோளம் என்ன விலை என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. முதலில் அரை வாளிதான் தூக்க முடிந்தது. சும்மாடு சுற்றி என் தலையில் வைத்துவிட்ட கிழவி ஒருவர், கழுத்தை நேராக வை, தண்ணீரைப் பார்க்காதே, பாதையைப் பார் என்று தினமும் சொல்வார். வாளியில் ஒரு அகலமான இலையைப் போட்டு வைத்தால் தண்ணீர் தளும்பாது என்பதும் அவர் சொன்னதுதான்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடித்தேன். ஆனால் பிறர் வீட்டில் தண்ணீர் நீட்டும்போது என்ன செய்வது? இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வாங்காமல் இருப்பதுதான் தப்பு.

சாப்பாடு தமிழர்களுக்குப் பெரிய சிரமமாக இருக்காது. ந்சிமா என்கிற வெள்ளை மக்காச்சோள மாவுக் களிதான் முக்கிய உணவு. சோறு சாப்பிட்டாலும் ந்சிமா உள்ளே போகாவிட்டால் சாப்பிட்ட கணக்கே இல்லை என்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் முதலில் கொஞ்சம் மாவு போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். அது வெந்ததும் மீதி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நீண்ட மரத் துடுப்பால் பானையின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிளற வேண்டும். இரண்டு காலையும் பானைக்கு அணைகொடுத்து உட்கார்ந்தால்தான் கிளற முடியும், அவ்வளவு கெட்டி. பிறகு தண்ணீரில் நனைத்த அகப்பையால் வழித்து, வழவழவென்று ஒவ்வொரு கட்டியாகத் தட்டில் வைப்பார்கள். சாப்பிடும் முன் வீட்டில் சின்னவர் ஒருவர் செம்பும் பேசினும் கொண்டுவந்து எல்லோர் கையிலும் தண்ணீர் ஊற்றுவார். வலது கையால் பிட்டு, உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கரண்டி கேட்காமல் நான் கையால் சாப்பிட்டதைப் பார்த்து அந்த வீட்டில் வந்த சந்தோஷம் கொஞ்சம் அல்ல.

தொட்டுக்கொள்ளப் பூசணி இலை, முளைக்கீரை, பீன்ஸ், காய்ந்த குட்டி மீன். கீரையில் வேர்க்கடலையை இடித்த பொடி போட்டுச் சமைப்பது அருமையாக இருக்கும். சைவக்காரர்கள் இதையும் பயறு வகைகளையும் வைத்து நன்றாகவே காலம் தள்ளலாம். ஆனால் விருந்தாளிக்குக் கோழி அடிக்கும் வழக்கம் இருப்பதால், சைவம் என்பதை முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கோழியை அறுத்த பின் சொன்னால் அவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

நந்தோலோ என்று அவர்கள் சொல்வது நம் துவரை. தெற்கு மாவட்டங்களில் மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை போடாத காடு அபூர்வம். பச்சைத் துவரையைத் தோலோடு அவித்து உப்புப் போட்டுத் தின்பார்கள், காய்ந்ததை முழுதாக வேகவைத்துக் குழம்பாக்குவார்கள். உடைத்துப் பருப்பாக்கிச் சமைக்கும் வழக்கம் கிராமத்தில் இல்லை. பருப்பாக்கும் ஆலைகள் பிளாண்டயர், லிம்பே பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதி ஆகிறது. 2021இல் இந்திய அரசு மலாவியுடன் ஆண்டுக்கு 50,000 டன் துவரை இறக்குமதி செய்ய ஒப்பந்தம் போட்டது. இந்தியா துவரை இறக்குமதிக்கு வரம்பு போட்ட 2017இல் விலை எப்படிச் சரிந்தது என்று அந்த ஊர் விவசாயிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் ஊர் சாம்பாரின் விலைக்கும் அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் உள்ள தொடர்பு அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துவரையை நான் உரலில் போட்டு உடைத்து, தக்காளி போட்டுப் பருப்புக் கடைந்து கொடுத்தேன். அதிலிருந்து வீட்டுக்கார அம்மா வாரத்தில் ஒரு நாள் அதைச் செய்தார், புளிப்புக்கு எலுமிச்சை பிழிந்து.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கத்திலிருந்து சிப்பெரோனி என்ற மூடுபனித் தூறல் வந்து நாள் கணக்கில் நிற்கும். தேயிலைத் தோட்டங்களுக்கு அது வரம். துவைத்த துணி காயாது. தடித்த போர்வை, மூடிய செருப்பு, சூரிய ஒளி விளக்கு ஒன்று, இவை போதும். பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சித்தெஞ்சே துணி அங்கேயே வாங்கலாம், குறைந்தது இரண்டு வைத்திருங்கள். பண்டா காலத்தில் பெண்கள் கால்சட்டை போடுவதைச் சட்டமே தடுத்தது. சட்டம் போய்விட்டது, கிராமத்தில் பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை. சுடிதாருக்கு மேல் சித்தெஞ்சே சுற்றிக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

உடம்பு விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நம் ஊரில் மலேரியா வந்து போன அனுபவத்தை வைத்து அங்கே அசட்டையாக இருக்கக் கூடாது. அங்கே பரவுவது பெரும்பாலும் பால்சிபாரம் வகை, ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த தடுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பரிசோதனை செய்யுங்கள், கால் மணி நேரத்தில் முடிவு தெரியும். ஊருக்குத் திரும்பிப் பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்தேன் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஏரி, குளம், தேங்கிய ஓடைகளில் இறங்கினால் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வரலாம், அதற்கு மாத்திரை உண்டு. அப்புறம், எத்தியோப்பியா, கென்யா வழியாகப் பயணம் செய்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருங்கள். கட்டாயம் கேட்கப்படும் நேரத்தில் அது இல்லாவிட்டால் இந்தியா திரும்பும்போது ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

போக்குவரத்து பற்றி அதிகம் சொல்ல இல்லை. பக்கத்து ஊருக்குக் கபாசா என்ற சைக்கிள் டாக்ஸி, டவுனுக்கு மினிபஸ். மினிபஸ் நிறைந்தால்தான் கிளம்பும், அதனால் கையில் படிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த லாரிகளில் காசு கொடுத்து ஏறிப் போவதும் உண்டு. இருட்டிய பிறகு அதில் ஏறாதீர்கள். பணத்துக்கு வங்கி தூரம், எல்லாம் செல்போன் பணம்தான். போன் சார்ஜ் போடச் சந்தைக்கடைகளில் சின்னக் கட்டணம் வாங்குகிறார்கள்.

பள்ளியில் மதிப்பெண்ணை விடப் பெரிய பிரச்சினை புத்தகம். பலருக்கு ஒரு புத்தகம், நான் போர்டில் எழுத அவர்கள் நோட்டில் எழுதுவார்கள், அதுதான் அவர்களுடைய புத்தகம். தூரத்துக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் பக்கத்தில் நான்கைந்து பேராகச் சேர்ந்து சின்ன அறையை வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துப் படிப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பும் இல்லை, படிக்க வெளிச்சமும் இல்லை. நாங்கள் மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்து, சூரிய ஒளி விளக்குகளை மாட்டிப் படிக்க விட்டோம். நாங்கள் என்று சொல்வது வெறும் பணிவுக்காக அல்ல. சாவி முதல் நாளிலிருந்தே சக ஆசிரியர் ஒருவர் கையில்தான் இருந்தது, முறைப் பட்டியலைப் போட்டதும் அவர்தான். தன்னார்வலர் தனியாகச் செய்யும் எந்த வேலையும் அவரோடு விமானம் ஏறிவிடும். பாடத் திட்டத்தைக்கூட இரண்டு பேர் கையெழுத்தில் எழுதுங்கள்.

இனி, எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். அறுவடை ஏப்ரல், மே. டிசம்பர் ஆகும்போது பல வீடுகளில் களஞ்சியம் காலி. அதிலிருந்து மார்ச் வரை பசிக்காலம். மக்காச்சோள விலை அறுவடைக்கால விலையைப் போல இரண்டு மடங்குக்குப் போகும். தங்கள் காட்டில் களையெடுக்க வேண்டிய நேரத்தில் அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போவார்கள், அதனால் அடுத்த வருட விளைச்சலும் குறையும். மாவில் தவிடு கலப்பார்கள். காலையில் கடைசி பெஞ்சில் பிள்ளைகள் தலை சாய்த்துப் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் மாதச் சம்பளம் இருக்கும், வாசலில் ஆள் நிற்பார்கள்.

தன்னார்வ அமைப்புகள் பணம் கொடுக்காதீர்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்புகின்றன. வாசலில் பசியோடு ஒருவர் நிற்கும்போது அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதுவும் கொடுக்காமல் இருப்பதும் சரியில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் சரியில்லை என்பது என் முடிவு. யாருக்கு உண்மையில் தேவை என்பது வெளியாளுக்குத் தெரியாது. கூச்சப்படாமல் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் போய்ச் சேரும். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னபடி மே மாதம் விலை குறைந்தபோது சில மூட்டை மக்காச்சோளம் வாங்கி, வண்டு விழாமல் மருந்துப் பொடி கலந்து, அவர் வீட்டில் அடுக்கினோம். ஜனவரியில் யாருக்கு எவ்வளவு என்று அவரும் ஊர்த்தலைவரின் தங்கையும் முடிவு செய்தார்கள். வாங்கியவர்கள் முடிந்தபோது பள்ளி முற்றத்தைச் செதுக்கியோ விறகு கொடுத்தோ ஈடு செய்தார்கள். என் பெயர் அதில் வரவே இல்லை. ரொக்கமாகக் கடன் யாருக்கும் கொடுக்கவில்லை, பள்ளிக் கட்டணம் என்றால் நேராகப் பள்ளியில் கட்டி ரசீது வாங்கினேன். முட்டை ஒரு வீட்டில், தக்காளி இன்னொரு வீட்டில், விறகு மூன்றாவது வீட்டில் என்று பிரித்து, பேரம் பேசி வாங்கினேன். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தால் அடுத்த வீட்டு வாத்தியாருக்கும் அதே விலை சொல்வார்கள்.

துக்கம் பற்றிச் சொல்லாமல் அந்த ஊரைச் சொல்ல முடியாது. ஒரு சாவு விழுந்தால் அடக்கம் ஆகும்வரை யாரும் காட்டு வேலைக்குப் போவதில்லை. பெண்கள் உள்ளே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் வெளியே மரத்தடியில். இளவட்டங்கள் குழி வெட்டுவார்கள், அவர்களுக்குத்தான் முதல் சாப்பாடு. வரும் பெண்கள் ஒரு கிண்ணம் மாவோ ஒரு கட்டு விறகோ தலையில் கொண்டுவருவார்கள். பணம் கொடுப்பவர் பெயரை ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்வார், மொய் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது யாரும் விளக்கத் தேவையில்லாமல் புரிந்தது. ராத்திரி முழுக்க ஜெபப் பாட்டு.

எங்கள் பள்ளி இரவுக் காவலாளியின் மனைவி இறந்தபோது நான் வீட்டுக்கார அம்மாவோடு ஒரு கிண்ணம் மாவு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. உள்ளே ஒரு மூலையில் இடம் விட்டார்கள், உட்கார்ந்தேன். யாரும் பேசச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் சித்தெஞ்சேயில் பாதியை என் காலின் மேல் இழுத்துவிட்டாள். விடியும்வரை அப்படியே இருந்தோம். மறுவாரத்திலிருந்து பள்ளியில் அதுவரை என்னிடம் கண்ணெடுத்துப் பேசாத பெற்றோர்கள் வந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். கூட்டம் போட்டு அழைத்தபோது வராதவர்கள் அவர்கள்.

என் அம்மா ஊரில் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அந்தச் சேதி எப்படியோ பம்படிக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து, முற்றத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் இரண்டு முட்டை கொண்டுவந்தார், பசிக்காலத்தில். தயவுசெய்து அந்த முட்டையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவர் பிள்ளைக்கு ஆகுமே என்று மனசு துடிக்கும். வாங்குங்கள், அன்றைக்கே சமைத்துச் சாப்பிடுங்கள், மறுநாள் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். கொடுக்கும் உரிமை அவருக்கும் உண்டு.

கிளம்பும் காலத்தையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். தேதியை ஊர்த்தலைவர் வழியாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுவது நல்லது. சாமான்களைப் பிடித்தவர்களுக்கு ரகசியமாகக் கொடுத்தால் பின்னால் அவர்களுக்குத்தான் பேச்சு வரும். வீட்டுக்காரரும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து பட்டியல் போடட்டும். சைக்கிளும் விளக்குகளும் பள்ளிக்கு, பாத்திரமும் வாளியும் வீட்டுக்கு என்று எங்கள் பட்டியல் போனது. கம்ப்யூட்டர் அனுப்புகிறேன், படிக்க வைக்கிறேன் என்று விடைபெறும் கூட்டத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு சாக்கு நந்தோலோ தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். விதைப் பயறைச் சான்றிதழ் இல்லாமல் விமானத்தில் கொண்டுவரக் கூடாது என்பதால் நான் அதைப் பிளாண்டயரில் இருந்த மற்ற தன்னார்வலர்களோடு பகிர்ந்து சமைத்தேன்.

அடுத்து வருகிறவருக்கு ஒரு நோட்டு எழுதி வைத்துவிட்டு வாருங்கள். பாடத் திட்டம் எல்லாம் பின்னால் இருக்கட்டும். முதல் பக்கத்தில் தலைவர் வீட்டுக்கு எந்த நேரத்தில் போகலாம், பம்படியில் யார் பின்னால் நிற்க வேண்டும், துக்க வீட்டுக்கு யாரோடு போக வேண்டும், மக்காச்சோளம் எந்த மாதம் வாங்க வேண்டும், அதை யாரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. நான் வைத்த நோட்டில் இப்போது இருப்பவர் தன் பங்குக்கு நான்கு பக்கம் சேர்த்திருக்கிறாராம்.